ஐந்தாவது தப்பு

தப்பாகப் பாடம் நடத்தச் சொல்லி என்னைக் கேட்டது எங்கள் பி.எட். கல்லூரிப் பேராசிரியர் கோபாலகிருஷ்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது எனக்கே குழம்பிக் கிடக்கிறது. இது மட்டும் குழம்பவில்லை.

எண்பத்து நான்கு பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேர் நெய்வேலி நகரியத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் எங்களை ‘ட்ரெய்னிங் டீச்சர்’ என்பார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் பள்ளியிலேயே ஒரு கைடு டீச்சர் உண்டு. அவர் வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் நடத்துவதைப் பார்த்து, அச்சடித்த தாளில் குறை, சிறப்பு என்று இரண்டு கட்டத்திலும் எழுதி மார்க் போடுவார். கடைசியாக நடத்தும் பாடத்துக்கு ஐம்பது மார்க். இருபத்தைந்து வாங்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் நாற்பது நாள்.

எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. காடாம்புலியூரில் எங்கள் தெருவில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். அதை யாரும் பெரிய பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்ஸி. ரிசல்ட் வந்த அன்றே அம்மா தன் தம்பி தனகோட்டிக்கு என்னைப் பேசி முடிக்கலாம் என்றாள். நான் பி.எட். என்றேன். “செரி, இந்த ஒரு வருசம். பாஸானா வேலை, பெயிலானா தனகோட்டி” என்று அப்பா ஏலம் முடிப்பதுபோல முடித்துவிட்டார். தனகோட்டி மாமா நல்லவர்தான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

என் கைடு டீச்சர் சந்திரகலா. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கணவருக்கு தெர்மல் மின்நிலையத்தில் வேலை. கெட்ட மனுஷி இல்லை. ஆனால் ஒரு மாதமாக என் தாள் ஒவ்வொன்றிலும் ‘வகுப்பில் சத்தம்’ என்று எழுதி இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேள்வி கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பதில் சொன்னால் சத்தம் வரும். வாயை மூடிக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது என்று அவரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். “வாய் ஜாஸ்தி கண்ணு உனக்கு” என்றார்.

அந்த வருஷம் எங்கள் கல்லூரிக்குப் புதிதாக ஒரு ஞானம் வந்திருந்தது. கைடு டீச்சர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். பாடம் நடத்துவது வேறு, நடத்துகிறவளைப் பார்த்துத் திருத்துவது வேறு. இரண்டாவதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சரியான யோசனைதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் எட்டு ஆசிரியர்களுக்கு மூன்று மத்தியானம் பயிற்சி என்று ஏற்பாடானது. திங்கட்கிழமை முதல் நாள் முடிந்ததும் கோபாலகிருஷ்ணன் சார் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார்.

“அம்சவல்லி, ஒரு உதவி. நாளைக்கு மத்தியானம் எட்டு பேரும் உன் கிளாஸைப் பாக்கப்போறாங்க. நீ தப்பா நடத்தணும்.”

“எதுக்கு சார்?”

“நோயாளி இல்லாம டாக்டருக்குப் படிக்க முடியுமா? குறை இருந்தாத்தான குறையைப் பாக்கவும், அதைப் பக்குவமா எடுத்துச் சொல்லவும் அவங்களைப் பழக்க முடியும்.”

“அப்ப நான் நோயாளி.”

“நடிக்கறம்மா, அவ்வளவுதான். நல்லா நடத்தத் தெரிஞ்சவதான் வேணும்னே தப்புப் பண்ண முடியும். மத்தவங்க பண்ணா அது வேணும்னு பண்ணதா, தானா வந்ததான்னு எனக்கே தெரியாது.”

பாராட்டா, வேலை வாங்குகிறாரா என்று புரியவில்லை. மற்ற ஐந்து பேரையும் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் எல்லாம் நகரியத்துப் பெண்கள். ஒருத்தி தப்பாக நடத்தினால் அன்று சாயங்காலமே பிளாக் முழுக்கப் பேச்சாகிவிடும். காடாம்புலியூர்க்காரி தப்பாக நடத்தினால் எந்தக் குவார்ட்டர்ஸிலும் பேச்சு வராது.

“மார்க்கு சார்?”

“மார்க்கே கிடையாது. இது பயிற்சி. உன் முடிவுப் பாடம் வெள்ளிக்கிழமை. அது தனி.”

“இது நடிப்புன்னு அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?”

“முன்னாடியே சொன்னா தேடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. முடிஞ்சதும் நானே சொல்றேன்.”

ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து தப்புகளை எழுதிக் கொடுத்தார். போர்டைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். முன் பெஞ்சை மட்டும் கேள்வி கேட்க வேண்டும். கேட்ட கேள்விக்கு நானே உடனே பதிலும் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி ‘புரிஞ்சுதா’ என்று கேட்டு, ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று எல்லோரும் சேர்ந்து பாடியதும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஐந்தாவது, பாடத்திலேயே ஒரு தகவலைத் தப்பாகச் சொல்ல வேண்டும். “பச்சையா தெரியற தப்பா இருக்கட்டும். நீயே யோசிச்சுக்க” என்றார்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு. பாடம் நிலக்கரி. எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ‘நம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, மற்ற எல்லா நிலக்கரியையும்விட அதிக வெப்பம் தரும்’ என்று சொல்வதாக முடிவு செய்தேன். உண்மை நேர்மாறு. பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி தண்ணீர். சூடு குறைவு. புத்தகத்திலேயே இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் எட்டு நாற்காலிகளிலும் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் போர்டுக்கு முகத்தையும் பிள்ளைகளுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். முன் பெஞ்சில் பர்மனென்ட் வேலைக்காரர்களின் பிள்ளைகள். கடைசி இரண்டு பெஞ்சில் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து நடந்து வரும் காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள். யார் இப்படி உட்காரவைத்தது என்று கேட்டால், அதுங்களே உக்காந்துகிச்சு என்பார்கள். பின்னால் பாப்பா என்ற பெண் பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்திலிருந்து கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். பார்க்காததுபோல இருந்தேன். இடது கை வலித்து வலது கைக்கு மாற்றினாள். அப்போதும் பார்க்கவில்லை. எட்டுப் பேரில் யாராவது எழுதுகிறார்களா என்றுதான் பார்த்தேன். யாரும் எழுதவில்லை.

கடைசியில் ஐந்தாவது தப்பைச் சொன்னேன். யாராவது சிரித்துவிடப்போகிறார்கள் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். வகுப்பு கைதட்டியது. கணக்கு ஆசிரியர் சக்கரபாணி சார், அடுத்த வருஷம் ரிட்டயராகப்போகிறவர், மெல்லத் தலையை ஆட்டினார். சரி, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அது ஆமோதிப்பு.

பாடம் முடிந்து லைப்ரரி அறையில் உட்கார்ந்தோம். நான் நடுவில். சுற்றி எட்டுப் பேர். முதலில் ஒரு பாராட்டு, பிறகு ஒரு குறை, அந்தக் குறையையும் குற்றமாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று பேராசிரியர் முறை சொல்லிக்கொடுத்திருந்தார். சக்கரபாணி சார் தொண்டையைச் செருமினார்.

“பாராட்டு முதல்ல. பொடவை நீட்டா இருந்துச்சும்மா. அப்புறம் குறை. குறைன்னா, சாக்பீஸ் ரெண்டு தடவை ஒடஞ்சுது. கேள்வியா கேக்கணுமில்ல? ஏம்மா சாக்பீஸ் ஒடஞ்சுது?”

“அழுத்தி எழுதிட்டேன் சார்.”

“அவ்ளோதான். முடிஞ்சுபோச்சு.”

அடுத்து தமிழாசிரியை கமலா டீச்சர். “தைரியமா நின்னு பேசறா. ஆனா ‘எடுத்துகினு’, ‘வச்சிகினு’ன்னு வருது. ஒரு டீச்சர் பேசற பேச்சா அது? இதைக் கேள்வியா எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல சார்.”

அது என் பட்டியலில் இல்லாத தப்பு. அப்படிப் பேசியதே எனக்குத் தெரியாது. முகம் சூடாகிவிட்டது. மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். குரல் பெரிசு. கையை ஆட்டுகிறாள். டஸ்டரை மேஜையில் வைக்காமல் நாற்காலியில் வைத்தாள். கடைசியாகச் சந்திரகலா டீச்சர்.

“ஒரு மாசமாச் சொல்லீட்டே இருந்தேன்ல கண்ணு. இன்னைக்குத்தான் கிளாஸ் கிளாஸா இருந்துச்சு. ஒரு சத்தமில்ல. நம்ம கரியப் பத்திச் சொன்ன பாரு, பசங்க மொகத்தப் பாத்தியா? பாடத்த ஊரோட சேத்து நடத்தறதுன்னா அதுதான்.” தாளைத் திருப்பிக் காட்டினார். ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று.

என் வாழ்க்கையில் அவரிடம் வாங்கிய அதிகபட்ச மார்க் அது. அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமிருந்த துண்டுக் காகிதத்தை வாங்கி ஐந்து தப்பையும் வரிசையாகப் படித்தார்.

சிலர் கையில் தாள் கசங்கியது.

“அதாவது எங்களுக்கு டெஸ்ட்டு வச்சிருக்கீங்க” என்றார் சக்கரபாணி சார்.

“டெஸ்ட் இல்ல சார். பயிற்சி.”

“முப்பது வருசமா நான் போர்டைப் பாத்துதான் பேசறேன். உங்களைப் பாத்துகிட்டு எப்படிப் போர்டுல எழுதறது?”

“கடைசி பெஞ்சையெல்லாம் கேட்டா பீரியட் போயிடும். போர்ஷன் யார் முடிக்கறது, நீங்க வந்து முடிக்கறீங்களா?” என்றார் கமலா டீச்சர்.

சந்திரகலா டீச்சர் பேராசிரியரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். “எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லீருக்கலாம்ல.”

சொல்லக் கூடாது என்று பேராசிரியர்தான் சொன்னார் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பேராசிரியரும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. பாப்பாவின் கை. ஐந்தாவது தப்பைச் சொன்னபோதும் அது இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, எட்டு பெரியவர்களுக்குத் தெரியாதது ஒரு காண்ட்ராக்ட் கூலியின் மகளுக்குத் தெரிந்திருக்கிறது, அவளை நான் பேசவிடவில்லை. இப்படி எனக்குள்ளேயே கொதித்துக்கொண்டு போய் கேட் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

“பாப்பா, கையைத் தூக்கிகினே இருந்தியே, என்னா சொல்ல வந்த?”

“ஒண்ணுக்குப் போவணும்னு டீச்சர்.”

“பாடத்தைப் பத்தி இல்லையா?”

“இல்ல டீச்சர். இப்ப பூட்டு வந்துட்டேன்.”

அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். கோபப்படுவதற்கு வைத்திருந்த ஒரே நியாயமான காரணமும் போய்விட்டது. ஆனால் ஒரு பிள்ளையை ஒரு பீரியட் முழுக்க ஒன்றுக்குப் போகவிடாமல் உட்காரவைத்ததையும் எட்டுப் பேரில் யாரும் எழுதவில்லையே என்று அப்புறம் தோன்றியது. அது என் தப்பா, பட்டியலின் தப்பா என்று பிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை ஹெட்மாஸ்டர் மருதாசலம் கூப்பிட்டு அனுப்பினார். பேராசிரியர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் என் தாள்.

விஷயம் இதுதான். பயிற்சிக்கென்று தனியாகத் தாள் அடித்துக் கொண்டுவர பேராசிரியர் மறந்துவிட்டார். எங்கள் முடிவுப் பாடத்துக்கான தாளையே எட்டுப் பேருக்கும் கொடுத்துவிட்டார். மற்ற ஏழு பேரும் தங்கள் தாளைக் கோபத்தில் கசக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சந்திரகலா டீச்சர் பழக்கதோஷத்தில், பேச்சு ஆரம்பிக்கும் முன்பே, தன் தாளில் என் பதிவு எண்ணையும் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். பியூன் அதை ஆபீசில் சேர்த்துவிட்டான்.

“ரெக்கார்டுல ஏறிடுச்சும்மா” என்றார் ஹெட்மாஸ்டர். “நாப்பத்து மூணு. நல்ல மார்க்கு. அதையே உன் முடிவுப் பாடமா வச்சிக்கலாம். வெள்ளிக்கிழமை நீ நடத்தவே வேணாம். நீ ஒரு லெட்டர் மட்டும் குடுத்துரு.”

லெட்டரையும் அவரே எழுதி வைத்திருந்தார். ‘செவ்வாய்க்கிழமை நான் நடத்திய பாடம் முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. யாருடைய தூண்டுதலும் இல்லை.’

“நடிப்புன்னு வெளிய போனா, எட்டு சீனியர் டீச்சருக்குத் தப்பே கண்டுபிடிக்கத் தெரியலன்னு ஆகும். அடுத்த வருசம் எங்க ஸ்கூல்ல உங்க காலேஜ் பிள்ளைங்க யாரையும் இவங்க சேத்துக்க மாட்டாங்க. சாருக்கும் கஷ்டம். நடிப்பே இல்லன்னா யாருக்கும் ஒண்ணுமில்ல.”

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு வரிதானம்மா.”

“அப்ப நம்ம கரி அதிகமா சூடு குடுக்கும்னு சொன்னதும் என் சொந்தத் தயாரிப்பா சார்?”

“அது ஒரு தப்பா?” என்றார் ஹெட்மாஸ்டர். “இந்த ஊர்ல சம்பளம் வாங்கிகிட்டு நம்ம கரி மட்டம்னு எவன் சொல்லுவான்?”

“புத்தகம் சொல்லுது சார்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உடனே மறுத்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். மறுக்கவில்லை. நாற்பத்து மூன்று என்றால் தனகோட்டி இல்லை. வெள்ளிக்கிழமை நடத்தினால் கோபத்தோடு இருக்கும் அதே டீச்சர்தான் மார்க் போடப்போகிறார். இருபத்தைந்துக்குக் கீழே போனால் தனகோட்டி. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. காடாம்புலியூர்ப் பள்ளியில் எனக்கு நடத்தியவர்கள் எல்லோரும் போர்டைப் பார்த்துத்தான் பேசினார்கள். ‘புரிஞ்சுதா’ என்றால் ‘புரிஞ்சுது’ என்று நானும்தான் கத்தினேன். பின் பெஞ்சில் இருந்துதான் பாஸ் பண்ணினேன். அப்படியானால் முதல் நான்கும் தப்புத்தானா? எவனோ புத்தகத்தில் எழுதியதைப் பேராசிரியர் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிறாரா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. ஐந்தாவது மட்டும்தான் தெரியும். அதற்குத் தராசு இருக்கிறது.

வீட்டில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளிப் போடுகிற வேலை. விஷயத்தைச் சொன்னேன்.

“கையெழுத்துதான கேக்கறாங்க. போட்டுட்டு வாயேம்மா.”

“பொய்ப்பா அது.”

“நாங்க எத்தினி பேப்பர்ல ரேகை வச்சிகினு கெடக்கறோம். அதுல என்னா எழுதிகீதுன்னு எவனுக்குத் தெரியும்? வச்சமா, வூட்டுக்கு வந்தமான்னு இருக்கணும்.”

“உனக்குப் படிக்கத் தெரியாது, வச்ச. எனக்குத் தெரியுதே.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அப்பா சொம்பைக் கீழே வைத்தார். திட்டவில்லை. “சோறு போடு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படி முடிந்தாலும் அவளுக்குச் சரிதான்.

சாப்பிட்டு முடிக்கும்போது அப்பாவிடம் மெல்லக் கேட்டேன். “எனக்கு ஒரு கட்டி கரி வேணும். ஈரக் கரி.”

“செக்யூரிட்டி புடிச்சா?”

“சின்னக் கட்டிதாம்ப்பா.”

அவர் கை கழுவ எழுந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். குழம்பு வாசனையோடு, ஈரத் துணியில் சுற்றி, பழுப்பாக ஒரு கட்டி இருந்தது. மரத்தின் வரிகள் இன்னும் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஹெட்மாஸ்டரிடம் லெட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். “நான் நடத்திடறேன் சார்.”

“நல்லா யோசிச்சியா?”

“இல்ல சார். யோசிச்சா கையெழுத்துப் போட்டுருவேன்.”

“எட்டு பேர் கோவத்துல இருக்காங்கம்மா” என்றார். உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வந்தது மூன்று பேர். சந்திரகலா டீச்சர் வந்தே ஆக வேண்டும். சக்கரபாணி சாரும் கமலா டீச்சரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பேராசிரியருக்குக் கல்லூரியில் மீட்டிங்காம். மேஜையில் ஆய்வகத் தராசு, ஸ்பிரிட் விளக்கு, இரும்புத் தட்டு, கரிக்கட்டி எல்லாம் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நின்றேன்.

“செவ்வாய்க்கிழமை நம்ம கரிதான் அதிகமா சூடு குடுக்கும்னு சொன்னேன். அது தப்பு.”

முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். “நோட்டுல எழுதி, வீட்டுல அப்பாகிட்டக் காட்டிட்டேன் டீச்சர். எங்கப்பா பாய்லர் ஹவுஸ். நம்ம கரிதான் பெஸ்ட்டுன்னு அவரும் சொன்னாரு.”

“அடிச்சிரு. தப்பு.”

“ஏன் டீச்சர் தப்பா சொன்னீங்க?”

நான் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தேன். பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. “சொல்லிட்டேன். இப்ப சரி பண்றேன்.”

“இன்னிக்குச் சொல்றதும் தப்பா இருந்தா?” என்று நடு பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. இந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலிலும் பதில் இல்லை.

“அதுக்குத்தான் தராசு” என்றேன்.

கட்டியை நிறுத்தோம். இருநூறு கிராம். தட்டில் வைத்துப் பதினைந்து நிமிஷம் சூடு காட்டினோம். கரி வெடித்து வெடித்துப் புகைந்தது. மறுபடி நிறுத்தோம். நூற்று எண்பத்தெட்டு. “பன்னெண்டு கிராம் தண்ணி போச்சு. இன்னும் நெறைய கீது. அந்தத் தண்ணிய வெரட்டறதுக்கே சூடு செலவாயிடும்” என்றேன். வாயில் ‘கீது’ வந்ததை உணர்ந்தேன். விட்டுவிட்டேன்.

பின் பெஞ்சில் பாப்பா எழுந்தாள். கையைத் தூக்கவில்லை. “தண்ணின்னு எப்டி சொல்றீங்க டீச்சர்? கரியே எரிஞ்சு கொறஞ்சிருக்கும். பொகை வந்துச்சே.”

அவள் சொன்னது சரி. புகை வந்தது. எரிந்தும் இருக்கலாம். நான் இதை யோசித்திருக்கவே இல்லை.

“ஆமா டீச்சர், எரிஞ்சுதான் போச்சு.”

“போடா, தண்ணிதான். எங்க வூட்டாண்ட கொட்டிக் கெடக்குது, பத்தவே பத்தாது.”

“நீ என்னா எஞ்சினியரா?”

“உங்கப்பா பாத்தாரா, எங்கப்பாதான அள்றாரு.”

வகுப்பு இரண்டாக உடைந்து கத்த ஆரம்பித்தது. சந்திரகலா டீச்சரின் பேனா தாளின்மேல் நின்றுகொண்டிருந்தது. மேஜையைத் தட்டி ‘புரிஞ்சுதா’ என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் அடங்கியிருக்கும். அப்படிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

“சில்லுன்னு இருக்கற டம்ளரை மேல புடிச்சா ஆவி படியும் டீச்சர்” என்றாள் முன் பெஞ்சுக்காரி, அழப்போகிற குரலில். அப்பா சொன்னதைத் தோற்கடிக்கிற யோசனையை அவளே கொடுத்துவிட்டாள்.

டம்ளருக்கு எங்கே போவது? அப்போது சக்கரபாணி சார் எழுந்து வந்தார். தன் எவர்சில்வர் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வேட்டியில் துடைத்து, “புடி” என்று நீட்டினார். நான் இடுக்கியால் கவிழ்த்துப் பிடித்தேன். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“படியுது” என்றார்.

“அது பொகை சார்” என்றான் ஒரு பையன்.

“விரல வச்சுப் பாருடா. ஈரமா, கரியா?”

“ரெண்டும் இருக்குது சார்.”

மணி அடித்துவிட்டது. தொகுத்துச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. போர்டில் ‘நிலக்கரி’ என்ற தலைப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். சக்கரபாணி சாரும் அந்தப் பையனோடு பேசிக்கொண்டே, டம்ளரையும் மறந்துவிட்டுப் போய்விட்டார். கமலா டீச்சர் “ஒரே கந்தரகோளம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சந்திரகலா டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

“இன்னைக்கு நடத்துனது நடிப்பா, நெசமா?”

“நெசம் டீச்சர்.”

“அன்னைக்கும் நெசம்னுதான நெனச்சேன்.” பேனாவை மூடினார், திறந்தார். “எனக்கு ஒண்ணும் வெளங்கல கண்ணு. ஏமாந்துபோன கோவம் இருக்குது, மறைக்கல. அந்தக் கோவத்துல கொறைச்சுப் போடறனா, பாவம் பாத்து ஏத்திப் போடறனா, எனக்கே தெரியல. பாடம் முடியலைங்கறது மட்டுந்தான் தெரியுது.”

“முடியல டீச்சர்.”

“முடிக்காம விட்டா மார்க்குக் கொறையும்.”

“தெரியும்.”

அவர் எழுத ஆரம்பித்தார். தலைகீழாகப் படிக்க எனக்கு வரும். குறைகள் என்ற கட்டத்தில் ‘மாணவர்கள் ஆசிரியர் சொல்வதை எதிர்த்துக் கேட்கிறார்கள்’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சிறப்புகள் என்ற கட்டத்துக்குப் போய், மெதுவாக, எழுத்துக்கு எழுத்து அதையே எழுதினார். மாணவர்கள் ஆசிரியர் சொல்வதை எதிர்த்துக் கேட்கிறார்கள்.

“டீச்சர், ரெண்டு கட்டத்துலயும் ஒண்ணையே எழுதிருக்கீங்க.”

“தெரியுது.”

“எது சரி?”

“அத உங்க சாரைக் கேளு. நான் ஒன்றரை நாள் ட்ரெய்னிங்தான் எடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, மார்க் கட்டத்தில் இருபத்தாறு என்று போட்டுக் கையெழுத்திட்டார்.